தொழில் என்ற கட்டத்தில் ஒரு வரிதான் இருக்கிறது: வேதாரண்யம் தாலுகாவிலிருந்து ஒரு திறந்த மடல்

வணக்கம்.

நாகப்பட்டினம் மாவட்டத்துக்குத் திட்டம் எழுதுகிறவர்கள், நிவாரணப் பட்டியல் தயாரிக்கிறவர்கள், கணக்கெடுக்க ஆள் அனுப்புகிறவர்கள், நீங்கள் சென்னையில் இருந்தாலும் சரி, நாகையில் இருந்தாலும் சரி, எந்தத் துறையாக இருந்தாலும் சரி, எல்லோருக்கும் சேர்த்துத்தான் இந்த மடல். நான் வேதாரண்யம் தாலுகாவில் பிறந்து இங்கேயே இருக்கிறவன். எங்கள் தெருவில் யாருக்காவது மனு எழுத வேண்டும், படிவம் நிரப்ப வேண்டும் என்றால் என்னிடம் வருவார்கள். அப்படி நிரப்பும்போது திரும்பத் திரும்பக் கண்ணில் பட்ட ஒரு விஷயத்தைத்தான் எழுதுகிறேன்.

எல்லாப் படிவத்திலும் தொழில் என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் ஒரு வரி எழுதத்தான் இடம். எங்கள் பக்கத்துக் குடும்பங்கள் ஒரு தொழிலை நம்பி வருஷம் முழுக்கச் சாப்பிடுவதில்லை. உப்பு, பூ, மாங்காய், நடவு, களை, உளுந்து, கீற்று, மீன் என்று நான்கைந்து வேலைகளை ஒன்றன்பின் ஒன்றாகப் பிடித்துத்தான் பன்னிரண்டு மாதத்தைத் தாண்டுகின்றன. கட்டத்தில் எதை எழுதுவது? கடைசியில் 'கூலி' என்று எழுதிவிடுகிறோம். அந்த ஒரு சொல்லோடு அந்தக் குடும்பம் உங்கள் எல்லாத் துறைகளின் கணக்கிலிருந்தும் காணாமல் போய்விடுகிறது. எந்த மாதத்தில் அடி விழுந்தாலும், அந்த மாதத்துக்கான பட்டியலில் அவர்கள் இல்லை. எனக்குச் சொல்ல இருப்பது இந்த ஒன்றுதான், மற்றதெல்லாம் இதற்கான விளக்கம்.

பொதுவாகச் சொன்னால் புரியாது என்பதால் ஒரு வீட்டைச் சொல்கிறேன். எங்கள் தெருவில் ஓர் அக்கா, பேர் வேண்டாம். அகஸ்தியம்பள்ளி உப்பளத்துக்குச் சைக்கிளில் போய்வருகிற தூரத்தில் வீடு. சொந்த நிலம் கிடையாது. குடியிருக்கிற மனையும் கோயில் மனை.

தை, மாசியில் சம்பா அறுப்பு. ஒரு காலத்தில் அந்த இரண்டு மாதக் கூலியும் நெல்லும்தான் வீட்டுக்குப் பெரிய வரவு. இப்போது அறுவடை இயந்திரம் வந்துவிட்டதால், இயந்திரம் இறங்க முடியாத சதுப்பு வயலிலும் சாய்ந்த பயிரிலும்தான் ஆளுக்கு வேலை. அப்புறம் நெல் அறுத்த வயலிலேயே உளுந்தும் பயறும் விளைந்து கிடக்கும், பங்குனி வாக்கில் அதைப் பிடுங்கி அடிக்கிற வேலை வரும். இதற்கிடையிலேயே உப்பளத்தில் வேலை தொடங்கிவிடும். மழைக்காலம் முழுக்கத் தண்ணீரில் மூழ்கிக் கிடந்த பாத்திகளைச் சரிசெய்வதுதான் முதல் வேலை. சேற்றை வாரி, வரப்பைக் கட்டி, தரையைக் காலால் மிதித்து மிதித்து இறுக்க வேண்டும். வரிசையாக நின்று, ஒரு கால் அடியை ஒட்டி அடுத்த அடி, பாத்தி முழுக்க. ஓர் இடம் விட்டுப்போனாலும் உப்பில் மண் ஏறிவிடும். நடுவில் நிற்கவும் முடியாது, வெயில் ஏறுவதற்குள் ஒரு பாத்தியை முடித்தாக வேண்டும். தரை சிமெண்ட் போட்டதுபோல ஆன பிறகுதான் நிலத்தடி உவர்நீரை மோட்டார் வைத்து இறைத்துப் பாய்ச்சுவார்கள்.

உப்பு விளைய ஆரம்பித்துவிட்டால் அந்த அக்காவின் நாள் அதிகாலை இரண்டு மூன்று மணிக்கே தொடங்கிவிடும். சோறு வடித்து, தூக்குவாளியில் போட்டு, குடிக்கிற தண்ணீரும் வீட்டிலிருந்தே எடுத்துக்கொண்டு கிளம்புவார். அங்கே சுற்றிலும் தண்ணீர்தான், ஆனால் ஒரு வாய் குடிக்க முடியாது. கழியில் பலகை கோத்து உப்பை வாரி ஓரத்தில் ஒதுக்குவது ஒருவர், கூடையில் அள்ளித் தலையில் சும்மாடு வைத்து மேட்டுக்குச் சுமப்பது இன்னொருவர். ஈர உப்பின் கனம் தூக்கியவர்களுக்குத்தான் தெரியும். ஒழுகுகிற தண்ணீர் நெற்றி வழியாகக் கண்ணுக்குள் வரும், கூடையைப் பிடித்திருக்கிற இரண்டு கையாலும் துடைக்க முடியாது. வெயில் ஏறினால் வெள்ளைப் பாத்தியிலிருந்து அடிக்கிற வெளிச்சத்தில் கண் கூசும், வருஷக்கணக்கில் இதையே பார்த்த கண்கள் என்ன ஆகும் என்று கேட்க வேண்டியதில்லை. காலில் வெடிப்பும் புண்ணும் பருவம் முடியும்வரை ஆறாது. ஒதுங்க ஒரு கொட்டகையோ கழிப்பறையோ பக்கத்தில் இல்லாத பாத்திகள்தான் அதிகம், பெண்கள் அதற்காகவே தண்ணீர் குடிக்காமல் இருந்து பழகிவிட்டார்கள்.

தமிழ்நாட்டில் தூத்துக்குடிக்கு அடுத்தபடியாக உப்பு விளைவது எங்கள் தாலுகாவில்தான். அகஸ்தியம்பள்ளி, கோடியக்காடு, கடினல்வயல் என்று சுமார் 9,000 ஏக்கர். பெரிய கம்பெனிகளும் இருக்கின்றன, குத்தகைக்கு எடுத்துச் செய்கிற சிறு உற்பத்தியாளர்களும் இருக்கிறார்கள். 1930ஆம் ஆண்டு ஏப்ரல் 13இல் ராஜாஜி திருச்சியிலிருந்து தொண்டர்களோடு நடந்து கிளம்பி, 28இல் வேதாரண்யம் வந்து, 30ஆம் தேதி உப்பு அள்ளிச் சட்டத்தை மீறிய இடம் இதுதான். வந்த தொண்டர்களுக்கு இடம் கொடுத்து, சோறு கொடுத்து, அதற்காகச் சிறைக்கும் போனவர் எங்கள் ஊர் சர்தார் வேதரத்தினம் பிள்ளை. அகஸ்தியம்பள்ளியில் நினைவுத் தூண் இருக்கிறது, ஆண்டுதோறும் ஏப்ரல் 30இல் அங்கே வந்து உப்பு அள்ளி நினைவுகூர்கிறார்கள். அந்த நாள் எங்களுக்கு உண்மையிலேயே பெருமை. அந்த நாளில் வருகிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன், திரும்பிப் போகும்போது பக்கத்துப் பாத்தியில் வேலை செய்கிறவர்களிடம் ஐந்து நிமிஷம் நின்று பேசிவிட்டுப் போங்கள். ஏப்ரல் கடைசி என்பது உப்பு உச்சமாக விளைகிற நேரம், யாராவது ஒருவராவது கட்டாயம் பாத்தியில் இருப்பார்.

அந்த உச்சத்தில் கோடை மழை ஒன்று பெய்தால் போதும். ஊரே மழையைக் கும்பிடுகிற நேரத்தில் உப்பளத்தில் எல்லாம் கரைந்து, பாத்தி இளகி, மறுபடி மிதிப்பதிலிருந்து தொடங்க வேண்டும். ஒரு வாரம் பத்து நாள் உப்பும் இல்லை, உப்பு வாருகிற கூலியும் இல்லை. அந்த நாட்களில் அக்கா பூப் பறிக்கப் போவார்.

முல்லைப்பூ என்றால் எங்கள் தாலுகா என்று டெல்டா முழுக்கத் தெரியும். கருப்பம்புலம், ஆதனூர், நெய்விளக்கு, செம்போடை, கத்தரிப்புலம், ஆயக்காரன்புலம் என்று மணற்பாங்கான ஊர்களில் வீட்டுக் கொல்லையிலேயே முல்லை. விடிவதற்கு முன்னால் நெற்றியில் டார்ச் லைட்டைக் கட்டிக்கொண்டு, பனியில் நனைந்த கொடிக்குள் குனிந்து மொக்காகவே பறிக்க வேண்டும், மலர்ந்துவிட்டால் விலை இல்லை. இருட்டில் அந்தக் கொல்லைகளில் நகருகிற வெளிச்சப் புள்ளிகள் எல்லாம் பெண்களும் பள்ளிக்கூடம் போவதற்கு முன்னால் அம்மாவோடு வந்த பிள்ளைகளும்தான். பறித்த பூ அன்றைக்கே திருத்துறைப்பூண்டி, பட்டுக்கோட்டை, தஞ்சாவூர் என்று போய்ச் சேர வேண்டும். முகூர்த்த நாளில் ஏறுகிற விலை, கோடையில் பூ குவிகிற நாளில் பறிக்கிற கூலிக்குக்கூடக் கட்டாமல் விழும். அப்படிப்பட்ட நாட்களில் பூவைக் கொடியிலேயே விட்டுவிடுவார்கள். கொல்லைக்காரருக்கு நஷ்டம், அது பேப்பரில் வரும். பறிக்கிறவருக்கு அன்று வேலையே இல்லை, அது எங்கேயும் வராது.

அவர் வீட்டுக்காரர் சித்திரையிலிருந்து ஆனி வரைக்கும் மாந்தோப்பில். தொரட்டியில் காய் பறிப்பது, தரம் பிரிப்பது, லாரியில் ஏற்றுவது. புரட்டாசியில் நேரடி விதைப்பு வயலில் களை எடுப்பு. ஐப்பசிக்கு மேல் கோடியக்கரையில் மீன்பிடிப் பருவம், அக்டோபரிலிருந்து மார்ச் வரைக்கும் வெளியூர்ப் படகெல்லாம் வந்து, கடற்கரையில் கொட்டகை போட்டுத் தங்கித் தொழில் செய்யும். அங்கே ஐஸ் உடைக்க, பெட்டி தூக்க, வலையிலிருந்து மீன் கழிக்க ஆள் வேண்டும், அதற்குப் போவார். கடல் கொந்தளித்தால் அதுவும் இல்லை. அக்காவுக்கு அந்த மூன்று மாதமும், ஐப்பசி, கார்த்திகை, மார்கழி, ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. கடன் வாங்குகிற மாதங்கள் அவை. பிறகு தையில் தொடங்கி அந்தக் கடனை அடைக்கிற வேலை.

இப்போது உங்கள் பதிவேடுகளை எடுத்துப் பாருங்கள். கிராம நிர்வாக அலுவலரின் அடங்கலில் சர்வே எண் வாரியாக என்ன பயிர் என்று இருக்கும், நிலம் இல்லாதவர் அதில் இல்லை. பயிர்ச் சேதம் என்றால் ஹெக்டேர் கணக்கில் நிலத்துக்காரருக்கு. நெல்லுக்குக் காப்பீடு இருக்கிறது, வருவாய்க் கிராமத்தை ஓர் அலகாக வைத்து அறுவடைப் பரிசோதனை நடத்திக் கணக்குப் பார்க்கிறீர்கள், அதிலும் வயலில் கூலிக்கு நின்றவர் இல்லை. மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள், அதற்கு மீனவர் குடும்பத்துக்கு 8,000 ரூபாய், சரியான திட்டம், அக்கா வீடு மீனவர் வீடு இல்லை. உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரைக்கும் வேலை இல்லாத மாதங்களுக்காக 5,000 ரூபாய் கொடுக்கிறீர்கள். இதை நான் மனதாரப் பாராட்டுகிறேன். பருவம் பார்த்து, வேலை இல்லாத மாதம் எது என்று யோசித்து அரசு கொடுக்கிற பணம் அது, எங்கள் ஆட்கள் எத்தனையோ வருஷமாகக் கேட்டது. ஆனால் இன்று ஓர் உப்பளம் நாளை ஓர் உப்பளம் என்று நாள்கூலிக்குப் போகிறவர், மழை பெய்த வாரம் பூப் பறிக்கப் போகிறவர், தான் உப்பளத் தொழிலாளி என்று காட்ட ஒரு துண்டுச் சீட்டுக்கு எங்கே போவார்? கூலியைக் கையில் எண்ணிக் கொடுத்தார்கள், அவ்வளவுதான் ஆதாரம்.

நல வாரியத்தில் பதிவதிலும் இதே கதைதான். எந்த வாரியம் என்று முதலில் கேட்பார்கள். ஒன்றில் இருந்தால் இன்னொன்றில் இருக்கக் கூடாது. நீங்கள் நல்ல நோக்கத்தில்தான் அப்படி வைத்திருக்கிறீர்கள், ஒருவரே இரண்டு இடத்தில் வாங்கிவிடக் கூடாது என்று. எங்கள் ஊரில் நடப்பது தலைகீழ். நான்கு இடத்தில் உழைக்கிறவர் ஓர் இடத்தில்கூட இல்லை.

கஜா புயலை நினைத்துப் பாருங்கள். 2018 நவம்பர் 16 விடிவதற்கு முன்னால் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில் கரையைக் கடந்தது. அன்று காலையில் நாங்கள் பார்த்ததை இங்கே விரிவாக எழுதப் போவதில்லை. தென்னை, மா, முந்திரி, சவுக்கு என்று நின்றதெல்லாம் விழுந்தது, குவித்து வைத்திருந்த உப்பு போனது, வேதாரண்யம் கடற்கரையில் கடல் சேற்றைக் கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போனது. விழுந்த தென்னைக்கு அரசு மரத்துக்கு 1,100 ரூபாய் அறிவித்தது, 600 இழப்பீடு, 500 வெட்டி அப்புறப்படுத்த. அந்தத் தொகை போதுமா போதாதா என்று அப்போது நிறையப் பேசினார்கள். நான் சொல்ல வருவது வேறு.

ஒரு தென்னை மரத்தை நம்பி அதன் சொந்தக்காரர் மட்டும் பிழைக்கவில்லை. ஏறிப் பறிக்கிறவர், மட்டை உரிக்கிறவர், தேங்காயை வண்டியில் ஏற்றுகிறவர், அப்புறம் கீற்று முடைகிற பெண்கள். இந்தக் கடைசி வேலையைத்தான் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. பச்சை மட்டையை இரண்டாகக் கிழித்து, தண்ணீரில் ஊறப்போட்டு, எடுத்து வந்து வாசலில் போட்டு, இரண்டு காலாலும் மட்டையை அழுத்திக்கொண்டு ஓலையை மாற்றி மாற்றிப் பின்னுவார்கள். வீட்டு வேலையை முடித்துவிட்டு, பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டுகூடச் செய்யலாம். வயலும் உப்பும் இல்லாத மழை மாதங்களில் எத்தனையோ வீடுகளில் உலை வைத்தது அந்தக் கீற்றுதான். புயலுக்குப் பிறகு ஒரு சில மாதம் விழுந்த மரத்தின் ஓலை இருந்தது, பிறகு நின்றுவிட்டது. புதுக் கன்று வைத்துக் காய்ப்புக்கு வர ஐந்தாறு வருஷமாவது ஆகும். அந்த ஐந்தாறு வருஷத்துக்கும் கீற்று முடைகிறவருக்கு என்ன இழப்பீடு? ஒன்றுமில்லை. கொடுக்க மறுத்தீர்கள் என்று நான் சொல்லவில்லை. கீற்று முடைகிறவர் என்று ஓர் ஆள் இருக்கிறார் என்பதே எந்தக் காகிதத்திலும் இல்லை, இல்லாதவருக்கு எப்படிக் கொடுப்பீர்கள்? அந்த வருஷங்களில்தான் திருப்பூருக்கு வண்டி ஏறிய குடும்பங்கள் எங்கள் பக்கத்தில் கூடின, படிப்பை விட்டுவிட்டு வேலைக்குப் போன பிள்ளைகள் கூடினார்கள்.

இத்தோடு கோயில் மனை. வேதாரண்யத்தில் நிலத்தில் பெரும்பகுதி கோயிலுக்குச் சொந்தம். தாத்தா காலத்திலிருந்து குடியிருந்தாலும் மனைக்குப் பட்டா இல்லாத வீடுகள் ஏராளம். பட்டா இல்லையென்றால் வீட்டுத் திட்டத்திலிருந்து வங்கிக் கடன் வரைக்கும் எல்லாவற்றிலும் ஒரு முட்டுக்கட்டை. கோயில் சொத்தை யாருக்கும் தூக்கிக் கொடுக்கச் சொல்லவில்லை, கோயில் எங்களுடையதும்தான். தலைமுறையாகக் குடியிருப்பவருக்கு அங்கே குடியிருக்கிறார் என்று நிலைத்த ஒரு சான்றாவது வேண்டும், புயலில் வீடு விழுந்தால் திரும்பக் கட்ட அது போதும் என்று விதியைத் திருத்த வேண்டும் என்கிறேன்.

தண்ணீரைப் பற்றி எழுதாமல் எங்கள் தாலுகாவைப் பற்றி எழுத முடியாது, ஆனால் எல்லோரும் எழுதியது என்பதால் சுருக்கமாக. நாங்கள் காவிரியின் கடைமடை. ஜூன் 12இல் மேட்டூர் திறந்தார்கள் என்று டிவியில் பார்ப்போம், அந்தத் தண்ணீர் மானங்கொண்டான் ஆறு, முள்ளியாறு வழியாக எங்களிடம் வருவது எப்போது என்பது மேலே இருக்கிறவர்களையும் நடுவில் தூர்ந்து கிடக்கிற வாய்க்காலையும் பொறுத்தது. பாதி நிலம் மழையை நம்பியே விதைக்கிறது. அதே ஆறுகள்தான் ஐப்பசியில் மேலே பெய்கிற மழையையெல்லாம் எங்கள் வழியாகக் கடலுக்குக் கொண்டுபோக வேண்டும், ஆகாயத்தாமரை அடைத்துக் கிடந்தால் வயலில் நிற்கும். குடிக்கிற தண்ணீரும் கொள்ளிடத்திலிருந்து கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் வருகிறது, அதிலும் நாங்கள் கடைசிதான். தூர்வாருவதைப் பற்றி விவசாயச் சங்கங்கள் ஒவ்வொரு குறைதீர் கூட்டத்திலும் பேசுகின்றன, நான் அதில் சேர்க்க ஒன்றே ஒன்று இருக்கிறது. தூர்வாருகிற மாதத்தைத் தீர்மானிக்கும்போது நெல்லை மட்டும் பார்க்காதீர்கள். கோடை மழையில் உப்பு கரைந்து வேலையில்லாமல் நிற்கிற குடும்பத்துக்கு, மாங்காய் முடிந்து நிற்கிற குடும்பத்துக்கு, அந்த வேலை கூலியாகவும் கிடைக்கிற மாதிரி ஊரக வேலைத் திட்டத்தோடு சேர்த்துப் போடுங்கள். நூறு நாள் வேலை என்று நாங்கள் சொல்வது, மழை மாதங்களில் எங்களுக்குக் கிடைத்தால்தான் அர்த்தம் உள்ளது. உப்பு உச்சத்தில் இருக்கிற சித்திரையில் ஏரிக்கரைக்குக் கூப்பிட்டால், இரண்டில் ஒன்றை விட வேண்டியிருக்கிறது.

இங்கேதான் துறைகளின் சிக்கல் வருகிறது. நெல் வேளாண்மைத் துறை. முல்லையும் மாவும் தோட்டக்கலை. மீன் மீன்வளத் துறை. உப்பு மத்திய அரசின் உப்பு ஆணையர், அவர் தலைமை அலுவலகம் ஜெய்ப்பூரில். கோடியக்கரைக் காடு 1967இலிருந்து சரணாலயம், வனத்துறை. நல வாரியம் தொழிலாளர் துறை. மனை அறநிலையத் துறை. எங்கள் தெரு அக்காவின் ஒரு வருஷத்துக்குள் இத்தனை துறைகளும் வந்துபோகின்றன, ஆனால் இந்தத் துறைகள் எல்லாம் ஒரே மேசையில் உட்கார்ந்து அந்த ஒரு வீட்டைப் பற்றிப் பேசுகிற நாள் என்று ஒன்று வருஷத்தில் கிடையாது. கோட்டாட்சியர் அலுவலகமும் தாலுகா அலுவலகமும் வேதாரண்யத்திலேயே இருக்கின்றன. அங்கே ஒரு மேசை போடுவது கஷ்டமில்லை.

தேர்தல் வந்தால் வாசனைத் திரவியத் தொழிற்சாலை என்று வாக்குறுதி வரும், எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து கேட்கிறேன். வரட்டும், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அது வந்தால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று நான் நம்பவில்லை. சத்தியமங்கலம், கோவைப் பக்கம் பூவிலிருந்து வாசனைச் சாறு எடுக்கிற ஆலைகள் இருக்கின்றன, பூ குவிந்து விலை விழுகிற நாளில் வாங்குவதுதான் அவற்றுக்கு லாபம். தரையைத் தொடாமல் விலையைப் பிடித்து நிறுத்த அது உதவும், அதற்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது. அதற்கு முன்னால் செய்யக்கூடிய சின்ன வேலை ஒன்று இருக்கிறது. திருத்துறைப்பூண்டியிலிருந்து அகஸ்தியம்பள்ளி வரைக்கும் 37 கிலோமீட்டர் அகலப்பாதையாக்கி, பல வருஷம் ரயிலே இல்லாமல் கிடந்த பிறகு 2023 ஏப்ரல் 8இல் மறுபடி ஓடத் தொடங்கியது. நாங்கள் எவ்வளவு சந்தோஷப்பட்டோம் என்று சொல்லி முடியாது. அந்த ரயிலின் நேரத்தைப் பூ பறித்து முடிகிற நேரத்தோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள். பூக்கூடையை ஏற்ற ஒரு பெட்டியில் இடம், தஞ்சாவூர்ச் சந்தைக்கு அன்றைக்கே போய்ச் சேருகிற இணைப்பு, இவ்வளவு போதும். உப்பும் பெரும்பாலும் லாரியில்தான் போகிறது. தண்டவாளம் உப்பளத்துப் பக்கத்திலேயே வந்து நிற்கிறது. லாரி வாடகை சிறு உற்பத்தியாளரின் விலையைத் தின்கிறது, விலை குறைந்தால் முதலில் குறைவது உப்பு வாருகிறவரின் கூலி.

சரி, என்னதான் செய்யச் சொல்கிறாய் என்று கேட்பீர்கள். புதுத் திட்டம் எதுவும் கேட்கவில்லை. இருக்கிற திட்டங்களுக்கு ஆளைச் சரியாகக் கண்டுபிடிக்க ஒரு பதிவேடு கேட்கிறேன். வேதாரண்யம், தலைஞாயிறு இரண்டு ஒன்றியத்திலும் வீடுவீடாகப் போய், தொழில் என்று கேட்காமல், தையில் என்ன வேலை, சித்திரையில் என்ன வேலை, ஐப்பசியில் என்ன வேலை என்று மாதவாரியாகக் கேட்டு எழுதுங்கள். நிலத்துக்குப் பசலி வாரியாக, அதாவது வருவாய்த் துறையின் ஆண்டுக் கணக்குப்படி, அடங்கல் இருக்கிற மாதிரி, உழைப்புக்கும் ஓர் அடங்கல். அதை எழுத வெளியூரிலிருந்து ஆள் வர வேண்டியதில்லை, எந்த வீட்டில் யார் எந்த மாதம் எங்கே போகிறார் என்பது மகளிர் குழுப் பெண்களுக்கு அத்துப்படி. அவர்களுக்குக் கூலி கொடுத்து எழுதச் சொல்லுங்கள், ஊராட்சிச் செயலர் சரிபார்க்கட்டும், கிராம சபையில் சத்தமாக வாசிக்கட்டும். பொய் சொன்னால் பக்கத்து வீட்டுக்காரரே எழுந்து சொல்லிவிடுவார்.

அந்தப் பதிவேடு கையில் இருந்தால், கோடை மழையில் உப்பு கரைந்த வாரம் யாருக்கு வேலை போனது என்று ஒரே நாளில் தெரியும். புயல் வந்தால் மரத்தோடு சேர்த்து மரத்தை நம்பியவரையும் எண்ணலாம். ஒருவரே இரண்டு இடத்தில் வாங்கிவிடுவார் என்ற பயமும் வேண்டாம், ஒரு வீடு ஒரு வரிசையில்தான் இருக்கும், மாதங்கள்தான் வேறு. மழைக்கால 5,000 ரூபாயையும் உப்பளத்துக்காரர் எழுதிக் கொடுக்கிற சீட்டை வைத்து முடிவு செய்யாமல் இந்தப் பதிவேட்டை வைத்து முடிவு செய்யலாம். செலவு அதிகமாகும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கந்துவட்டிக்கு எங்கள் தெருக்கள் கட்டுகிற பணத்தை எங்கள் பெண்களிடம் உட்கார்ந்து கேட்டால், அந்த மூன்று மாதத்துக்கு என்ன மதிப்பு என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

ஜமாபந்தி வருஷாவருஷம் தாலுகா அலுவலகத்தில் நடக்கிறது. நிலக் கணக்கைச் சரிபார்க்க வெள்ளைக்காரன் காலத்திலிருந்து இருக்கிற ஏற்பாடு, இன்றும் பயனுள்ளதுதான். அதே வாரத்தில் இன்னொரு மேசையில் இந்த உழைப்புக் கணக்கையும் சரிபாருங்கள். எங்கள் தாலுகாவில் சோதித்துப் பாருங்கள், சரியாக வந்தால் ராமநாதபுரம் மாவட்டத்துக் கடலாடிக்கும் முதுகுளத்தூருக்கும் கொண்டுபோங்கள், அங்கேயும் இதே மாதிரி உப்பு, கரி மூட்டம், மானாவாரி நெல் என்று வருஷத்தைப் பிரித்துப் பிழைக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

கடைசியாக ஒரு சின்ன விஷயம், இதற்கு அரசாணைகூட வேண்டாம். மே 1 கிராம சபையைக் காலை பதினோரு மணிக்கு வைக்காதீர்கள். அந்த நேரத்தில் உப்பளத்துக்குப் போனவர்கள் அப்போதுதான் வீடு திரும்பிக் குளித்துக்கொண்டிருப்பார்கள், பூப் பறித்தவர்கள் வியாபாரியிடம் கணக்குப் பார்த்துக்கொண்டிருப்பார்கள், மாந்தோப்பில் லாரி நிற்கும். கூட்டத்தை மாலை நான்கு மணிக்கு வையுங்கள். நாங்கள் வருகிறோம்.